பெட்டி வந்தாச்சா?

போன இதழில் ஊமைப்படக் கொட்டகை பற்றி ஏதோ போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பேச்சு இல்லை, பாட்டு இல்லை. இப்படி ஒரு படத்தைச் சின்ன ஊரில் காட்டி எப்படிப் பிழைத்தார்கள்? (வாசகர், தாராபுரம்)

முதலில் பிழைத்தவர்கள் ஊர் ஊராகப் போனவர்கள்தான். அப்போது படத்தை வாடகைக்குத் தர ஆள் கிடையாது, அடி கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டும். கையில் இருப்பதோ நாலைந்து துண்டுப்படம். ஒரே ஊரில் உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் கூட்டம் தீர்ந்துவிடும் என்பதால், படத்தை மாற்ற வழியில்லாமல் ஊரை மாற்றினார்கள்.

கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் ரயில்வே குமாஸ்தா. படம் காட்டிக்கொண்டு வந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உடம்பு முடியாமல் போய் ஊர் திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் படங்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். இது நடந்தது 1905. குமாஸ்தா வேலையில் இருப்பவருக்கு அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுவிட்டு, ஏசுநாதர் வாழ்க்கைப் படத்தையும் கூடாரத்தையும் ரயிலில் ஏற்றி, தெற்கே சுற்றி, வடக்கே பெஷாவர், கிழக்கே ரங்கூன் வரை போய்வந்தார். ரயில்வேயில் இருந்தவர் என்பதால் எந்த வண்டியில் எதை ஏற்றலாம் என்பதெல்லாம் அத்துப்படியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்புறம் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டி உட்கார்ந்துவிட்டார் (வெரைட்டி ஹால் ரோடு என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான்). நிலையான கொட்டகை என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அதே ஜனம்தான் திரும்பத் திரும்ப வரவேண்டும், ஆகவே படம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ரயில் வந்தவுடன், புதுப் படச்சுருள் இருக்கும் பெட்டியை நினைத்து “பெட்டி வந்தாச்சா?” என்ற கேள்விதான் முதலாளியின் பிழைப்பு. பெட்டி வரவில்லையென்றால் போன வாரப் படத்தையே ஓட்டித் திட்டு வாங்க வேண்டியதுதான்.

கரண்ட்டுக்கு என்ன செய்தார்கள்? (வாசகி, பழனி)

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்! சினிமா நடத்துவதில் பாதி வேலை இதுதான். கோவை வட்டாரத்துக்கு நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரமே 1930களில்தான் வந்தது. அதற்கு முன்னால் கொட்டகைக்காரர் சொந்தமாக ஒரு ஆயில் இன்ஜினும் டைனமோவும் வைத்துக்கொண்டாக வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் சுண்ணாம்புக் கட்டியை வாயுத் தீயில் சூடேற்றி வரும் வெளிச்சத்தில் காட்டினார்கள். படம் கிடைப்பதைவிட இன்ஜின் ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் சின்ன ஊரில் பெரும்பாடு. வின்சென்ட்டும் கொட்டகையோடு நிற்காமல் மின்சாரத்தில் ஓடும் அச்சகம், அரிசி ஆலை என்று கால் வைத்தார். நோட்டீஸ் அடிக்க வெளியே போக வேண்டாம் பாருங்கள்! என்னைக் கேட்டால், அந்தக் கால முதலாளியைச் சினிமாக்காரர் என்று சொல்வதைவிட இன்ஜின்காரர் என்று சொல்வது பொருத்தம். ஊரில் பல பேர் முதல் தடவை மின்விளக்கைப் பார்த்ததே கொட்டகை வாசலில்தான்.

கையால் சுற்றித்தான் படம் ஓட்டினார்களா? ஆப்பரேட்டருக்குக் கை வலிக்காதா? (வாசகர், விருதுநகர்)

வலிக்காமலா! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி. அடிக்குப் பதினாறு படம். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டுப் படம் நகரும். நொடிக்குப் பதினாறு படம் ஓடவேண்டுமென்றால் நொடிக்கு இரண்டு சுற்று, ஒரு ரீலுக்கு இரண்டாயிரம் சுற்று, பத்து ரீல் படத்துக்கு இருபதாயிரம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காற்றிலேயே கையைச் சுற்றிப் பார்த்தேன், மூன்று நிமிடம் தாண்டவில்லை, வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

சும்மா சுற்றினாலும் போதாது. சண்டை வந்தால் கொஞ்சம் வேகம், அழுகை வந்தால் கொஞ்சம் நிதானம். கூட்டம் அதிகமாகி இன்னொரு ஆட்டம் போட்டுவிடலாம் என்று முதலாளி சொன்னால் எல்லாக் காட்சியும் ஓட்டம்தான். இது உலகம் முழுக்க நடந்த தில்லுமுல்லு. நம் மனதில் ஊமைப்படம் என்றாலே ஆட்கள் தத்தக்கா பித்தக்கா என்று நடப்பது வருகிறதே, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நிதானமாக எடுத்த படத்தைப் பிற்பாடு நொடிக்கு இருபத்துநான்கு ஓடும் இயந்திரத்தில் போட்டுக் காட்டியதுதான்.

ஆப்பரேட்டர் படம் ஓட்டும் அறையைத் தகரம் அடித்து ஏன் அடைத்து வைத்திருந்தார்கள்? (அதே வாசகர்)

தீ. அன்றைய பிலிம் நைட்ரேட்டில் செய்தது. பற்றினால் வெளிக்காற்றுகூட வேண்டாம், தானே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளும் எரியும். அதன் பின்னால், ஒரு சாண் தூரத்தில், இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே கண் கூசும் ஆர்க் விளக்கு. பிலிம் ஓடிக்கொண்டே இருக்கும்வரை பிரச்சினையில்லை. பல் சிக்கி நின்றுவிட்டால், நின்ற இடத்தில் சூடு ஏறி, திரையில் ஒரு பழுப்புக் கொப்புளம் கிளம்பி விரியும். அதைப் பார்த்தவுடன் மூடியைத் தள்ளி வெளிச்சத்தை அடைக்காவிட்டால் கதை முடிந்தது. மணல் வாளி, ஈரச் சாக்கு எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அவற்றால் அணைப்பது ரொம்பச் சிரமம், அக்கம்பக்கத்தில் பரவாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 1918இல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம் லைசென்ஸ் வாங்கச் சொன்னதற்கு ஜனங்களின் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். வெளியூர்க் கொட்டகைகளுக்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் இருந்தது.

ஊமைப்படம் என்றால் கொட்டகை அமைதியாக இருந்திருக்குமே? (வாசகி, கும்பகோணம்)

அம்மா, இன்றைய கொட்டகைதான் அமைதி. அன்றைக்கு ஒரு பக்கம் ஆர்மோனியம், தபலா, வெளியே இன்ஜின் சத்தம். படத்தில் வரும் எழுத்து அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். போதாததற்குத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று “அதோ பார், குதிரையில் வருகிறான், அவள் அண்ணன்தான் அது” என்கிற ரீதியில் கதை சொல்வார். அமெரிக்காவில் எடுத்த படத்துக்கு அவர் சொல்வதுதான் கதை, தன் பங்குக்குச் சேர்த்தும் சொல்லியிருப்பார், யார் கேட்கப் போகிறார்கள்? ரீல் மாற்றும் இடைவெளியில் நாட்டியம், மல்யுத்தம், மாயாஜாலம் என்று ஏதாவது ஒன்று நடக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால், ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டே ஆகவேண்டும்.

என்ன படம்தான் ஓடியது? (வாசகர், ராமநாதபுரம்)

புராணப் படம் வந்தால் திருவிழா. மற்ற நாளெல்லாம் அமெரிக்க சீரியல். பதினைந்து பாகம், பாகத்துக்கு இரண்டு ரீல், ஒவ்வொரு பாகமும் நாயகன் பாறையிலிருந்து தொங்கிக்கொண்டு இருக்கும்போது முடியும். அங்கே வாரம் ஒன்றாகக் காட்டியதை இங்கே ஒரே ஆட்டத்தில் நாலைந்து பாகம் சேர்த்துக் காட்டினார்கள். சர்க்கஸிலிருந்து வந்த சீரியல் நாயகன் எடி போலோவுக்கு நம் ஊர்த் தரை டிக்கெட்டில் இருந்த செல்வாக்கு அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அயல்நாட்டுப் படங்கள்தான் அதிகம் என்ற புகாரையெல்லாம் விசாரிக்க 1927இல் அரசு ஒரு குழு போட்டது, தலைவர் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். 353 சாட்சிகளை விசாரித்தார்கள். கொட்டகைக்காரர்களின் பிழைப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்தச் சாட்சியங்களை மிஞ்சி ஒன்று இல்லை. கிடைத்தால் படியுங்கள்.

அந்தக் காலத்துக் கட்டடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (வாசகர், சேலம்)

சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில், தபால்தலைச் சேகரிப்பாளர்கள் வந்துபோகும் கட்டடம், பழைய எலெக்ட்ரிக் தியேட்டர். பெயரைக் கவனியுங்கள்: படத்தைச் சொல்லி அழைக்கவில்லை, மின்சாரத்தைச் சொல்லித்தான் அழைத்தார்கள்.

பேசும்படம் வந்ததும் இவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? (வாசகி, திண்டுக்கல்)

1931 அக்டோபர் 31இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ சென்னையில் வெளியானது. மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. பேசும் இயந்திரத்தின் விலை சின்ன ஊர் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது, 1934 வரை ஊமைப்படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் ஒலியோடு சேர்ந்த பிலிம் நொடிக்கு இருபத்துநான்கு என்று ஒரே சீராக ஓடவேண்டும், அழுகைக்கு ஒன்று சண்டைக்கு ஒன்று என்று கையால் சுற்ற முடியாது. மோட்டார் வந்தது. கதை சொன்னவருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் வேலை போனது. தெருத்தெருவாகத் தப்படித்துக்கொண்டு, பின்னால் ஓடிவரும் பிள்ளைகளுக்கு நோட்டீஸை வீசியெறிந்த மாட்டுவண்டி மட்டும் இன்னும் ரொம்ப வருஷம் ஓடியது.