மாமனாருக்கு ஒரு புக்மார்க்: அளவு எங்கே தப்பியது?

கேள்வி: என் மாமனாருக்கு அடுத்த மாதம் எண்பது நிறைகிறது. படித்த பக்கத்தில் பஸ் டிக்கெட்டைத்தான் செருகி வைப்பார். அவருக்குக் கிராஸ் தையலில், அதாவது கட்டம் கட்டமான துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைத்து, ஒரு புக்மார்க் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு மாங்காய், கரை கிடையாது. நூலைப் பிரித்து இரண்டிழையில் தைக்கிறேன். அகலம் 28 கட்டம், நீளம் 98 கட்டம். தைத்து முடித்தால் 2 அங்குலத்துக்கு 7 அங்குலம் வரும் என்று கிராஃபில் போட்டிருந்தது. மூன்று மாங்காய் முடித்து அளந்து பார்த்தால் அகலமே இரண்டரை அங்குலத்தைத் தாண்டுகிறது. கட்டத்தைத் தப்பாக எண்ணிவிட்டேனா? பிரித்துவிட்டு மறுபடி தைக்கவா? பக்கத்து வீட்டு அக்கா, இதையே ஆர்டர் எடுத்துத் தைக்கலாம், துணியும் நூலும் சேர்த்துக் கிட்டாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறார். அதுவும் சரிவருமா?

பதில்: பிரிக்காதீர்கள். நீங்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். துணிதான் வேறு.

உங்கள் கிராஃப் 14 கவுண்ட் துணிக்கு வரைந்தது. அதாவது ஓர் அங்குலத்தில் 14 கட்டம். 28ஐ 14ஆல் வகுத்தால் 2, 98ஐ வகுத்தால் 7. கடையில் உங்களுக்குக் கிடைத்தது அநேகமாக 11 கவுண்ட். 28ஐ 11ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அப்படியே ஏழு மாங்காயும் தைத்தால் நீளம் ஒன்பது அங்குலத்தைத் தொடும். டெமி அளவுப் புத்தகத்தின் உயரமே எட்டரை அங்குலம்தான்.

அதனால் ஐந்தாவது மாங்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாங்காய்க்கு 14 கட்டம் வீதம் 70 கட்டம், சுமார் ஆறேகால் அங்குலம். புக்மார்க்குக்கு அது அளவான நீளம். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருக்கிறதே என்று மாமனார் எண்ணப்போவதில்லை. 11 கவுண்டில் இரண்டு இழை போட்டால் தையலுக்கு நடுவே துணி லேசாகத் தெரியும், மூன்று இழை போட்டிருந்தால் நிறைவாக இருந்திருக்கும். ஆனால் இதுவரை இரண்டிழையில் தைத்துவிட்டீர்கள், மிச்சத்தையும் அப்படியே தையுங்கள். பாதியில் மாற்றினால் அதுதான் கண்ணை உறுத்தும்.

இனி துணி வாங்கும்போது கையில் ஓர் அடிஸ்கேல் இருக்கட்டும். கிராஸ் தையலுக்கு ‘மேட்டி துணி’ என்று கேட்டால் இருப்பதை எடுத்து வெட்டிக் கொடுப்பார்கள். கவுண்ட் என்ன என்று கேட்டால், “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்பார்கள். ஒன்று இல்லை. துணியின் மேல் ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள், குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. மலிவுத் துணியில் குறுக்கே 11, நெடுக்கே 12 என்று இருப்பதும் உண்டு. அதில் தைத்தால் மாங்காய் அமுங்கிய மாங்காயாகத்தான் வரும். பிஸ்கட் பாக்கெட்டில் எடை அச்சடிக்காவிட்டால் குற்றம்; தையல் துணியின் கவுண்டை மட்டும் வாங்குகிறவள் கடை வாசலில் நின்று எண்ண வேண்டியிருக்கிறது! முப்பது வருடமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தையல் பீரியட் என்று ஒன்று இருந்தபோதாவது இதைச் சொல்லிக் கொடுத்தோம். அப்புறம் அந்தப் பீரியடையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். வகுத்தல் தெரிந்த பிள்ளைகள் நிறைய, எதை எதால் வகுப்பது என்றுதான் தெரியாது.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன யோசனை. அன்பளிப்பாகத் தையுங்கள், தெரிந்தவர்கள் கேட்டால் காசு வாங்கிக்கொண்டும் தையுங்கள். ‘கிட் தருகிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள்’ என்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படி 3,000 ரூபாய் கட்டினாள். இருபது புக்மார்க் தைத்துக் கொண்டுபோனாள். ஒன்றைத் திருப்பிப் பார்த்து, “பின்பக்கம் நீட்டா இல்லை” என்று இருபதையும் தள்ளிவிட்டார்கள். டெபாசிட்டும் வரவில்லை, கூலியும் வரவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். என் கைவேலையைவிடப் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. உண்மையில் வேலை கொடுக்கிறவர் உங்களுக்குக் காசு தருவார், உங்களிடம் காசு கேட்க மாட்டார். அந்தக் கிட்டில் இருந்த சிவப்பு நூலை ஈரத் துணியில் வைத்து அழுத்தினேன், துணி ரோஸ் ஆகிவிட்டது. உங்கள் நூலையும் இப்படிச் சோதித்துவிடுங்கள்.

பின்பக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முடிச்சுப் போடாதீர்கள், புத்தகத் தாளில் அது தடம் பதிக்கும். ஓர் இழையை இரண்டாக மடித்து, வெட்டிய இரண்டு முனையையும் ஊசிக் காதில் கோத்து, முதல் தையலில் பின்னால் வரும் வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் முடிச்சே வேண்டாம். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரே நூலில் பச்சை மெல்ல மெல்ல மஞ்சளாக மாறும் ஷேடட் நூலுக்கு இந்த வழி ஆகாது. மடித்ததும் ஒரு முனையின் பச்சையும் மறுமுனையின் மஞ்சளும் ஒரே தையலில் பக்கம் பக்கமாக வந்து உட்காரும். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, தேமல் மாதிரி இருக்கும். ஷேடட் நூலென்றால் இழைகளை மடிக்காமல், பிரித்த அதே வரிசையில் சேர்த்துக் கோத்து, நுனியை அரை அங்குலம் பின்னால் விட்டு, முதல் நாலைந்து தையலுக்கு அடியில் அதை அமுக்கிக்கொண்டே போங்கள். மாங்காய்க்கு ஷேடட் நூல்தான் அழகு என்று கடையில் தள்ளிவிடுவார்கள், அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.

முடித்ததும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் தையல் தட்டையாகிவிடும், விரலில் ஒன்றும் தட்டுப்படாது. பசை வைத்தும் ஒட்டாதீர்கள், நாளாக ஆக மஞ்சள் ஏறும். சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தைப் பின்னால் மடித்து, மெல்லிய பாப்ளின் துணியை அடியில் வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். ஃபெல்ட் வேண்டாம், கனத்தால் புத்தகம் வாய் பிளந்து நிற்கும். இஸ்திரி போடும்போது துவாலை மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் தேய்க்க வேண்டும்.

மிச்ச நூலில் ஒரு குஞ்சம் கட்டிக் கீழ் நுனியில் தொங்கவிடலாம். மணி கோக்காதீர்கள். மாமனார் படுத்துக்கொண்டு படிப்பவர் என்றால் அது முகத்தில்தான் விழும்.