ஜோ தாமஸ்: காணாமல் போன ஒன்பது ஆட்டங்கள்

முரண்பாடு ஏதும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து (NFL) வீரர் ஜோ தாமஸ் ஆடிய 11 பருவங்களுக்கு, பருவத்துக்கு அப்போதைய 16 ஆட்டங்கள் வீதம், 176 வர வேண்டுமே, 167 ஆட்டங்கள்தானே இருக்கின்றன என்கிறீர்கள். விடுபட்ட ஒன்பதும் 2017 பருவத்தின் கடைசி ஒன்பது. இடைவிடாமல் ஆடிய 10,363 ஸ்நாப் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்ட நகர்வும் ஒரு ஸ்நாப்) தொடர் அதற்குமுன்பே அறுந்துவிட்டது.

நீங்கள் பதினொன்றையும் முழுப் பருவங்களாகப் பெருக்கியிருப்பீர்கள். பருவவாரியாகக் கூட்டிப் பாருங்கள்: 2007 முதல் 2016 வரை பதினாறு பதினாறாக 160. பிறகு 2017-இல் 7. அந்த ஏழாவது ஆட்டத்தில், அக்டோபர் 22 அன்று, டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு எதிராக ஆடும்போது அவருடைய இடது கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்தது. அடுத்த மார்ச்சில் ஓய்வு. தன் அணியான கிளீவ்லண்ட் பிரவுன்ஸுக்காக இத்தனை உழைத்தும் ஒரு பிளேஆஃப் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) ஆட்டம்கூட வாய்க்கவில்லை, பாவம்!

ஆனால் 'வரலாற்றிலேயே நீளமான தொடர்' என்று எழுதிவிடாதீர்கள். ஸ்நாப் கணக்கு 1999-இலிருந்துதான் இருக்கிறது.