ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் குடிநோயாளர் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
விசைப்படகில் போகும் அண்ணன் குடியை விட நினைக்கிறார், ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் குடியை விடும் அமைப்பு) கூட்டம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். 14446-இல் கேளுங்கள், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள். எப்படியும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்: தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி 2, 3 நாளில் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். நடுக்கடலில் அப்படி ஆனால் யார் பார்ப்பது?

1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.-வில் சந்தா கிடையாது. குடியை விடும் ஆசை போதும். ஊரில் தெரிந்தவர் கண்ணில் படக் கூச்சமென்றால் மதுரைக் கூட்டத்துக்குப் போகட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோது. ஆனால் வேலையில்லாத நாளில்தான் பாட்டிலும் கூப்பிடும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற குழு தனியாக உண்டு. அண்ணன் மசியாவிட்டாலும் அண்ணி போகலாம்.