வேறு வேறு பிராண்டு எஸ்எஸ்டிகளை ஒரே ரெய்டில் சேர்க்கலாமா?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை நடத்துகிறோம். வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில், ரெய்டு 1 முறையில் இணைத்த இரண்டு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டிகளில் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாடல், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் வாங்கியவை. சென்ற வாரம் ஒன்று செயலிழந்துவிட்டது. அந்த மாடல் இப்போது கிடைப்பதில்லை. வேறு பிராண்டைச் சேர்த்தால் ரெய்டு கெட்டுவிடும், ஒரே மாதிரி இரண்டைப் புதிதாக வாங்குங்கள் என்கிறார் கொம்தாரில் ஒரு கடைக்காரர். அவர் சொல்வது சரியா? (வாசகி, பினாங்கு)

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ரெய்டு என்பது பல டிரைவ்களை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை; அதன் மென்பொருள் டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை. போதுமான இடம் இருக்கிறதா, எழுதச் சொன்னதை எழுதிவிட்டதாகப் பதில் வருகிறதா என்றுதான் பார்க்கிறது. 1988-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் இம்முறையை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை எண்ணமே, விலை உயர்ந்த ஒற்றைப் பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பதுதான். கடைக்காரர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் இரண்டை ஜோடியாக வைப்பதில் தனியொரு ஆபத்து இருக்கிறது.

எதை வாங்குவது என்பதற்கு முன் அவசரமான ஒரு வேலை இருக்கிறது. ரெய்டு 1 என்பது கண்ணாடிப் பிம்பம் போன்றது. நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு கோப்பும் இரண்டு எஸ்எஸ்டிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எழுதப்படும். ஆகவே இப்போது உயிரோடிருக்கும் டிரைவ், செத்துப்போன டிரைவ் கண்ட அதே மணிநேரங்களையும் ஏறத்தாழ அதே தேய்மானத்தையும் கண்டிருக்கிறது. புதியதைச் செருகியதும் சர்வர் மறுகட்டுமானத்தைத் தொடங்கி, அந்த நான்கு வயதான டிரைவை முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை ஒரு மூச்சாக வாசிக்கும். உங்களிடம் 300 ஜிபி கோப்புகள்தான் இருக்கின்றன என்றாலும், லினக்ஸ் ரெய்டு பொதுவாக 1 டிபி முழுவதையும் நகலெடுக்கும். பழைய டிரைவில் எங்காவது வாசிக்க முடியாத பகுதி ஒளிந்திருந்தால், அது வெளிப்படுவது அப்போதுதான். எனவே இன்றைக்கே ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து, பத்துப் பன்னிரண்டு கோப்புகளைத் திறந்து சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு புதிய எஸ்எஸ்டியைத் தொடுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் சர்வரை நான் பராமரித்துவந்தபோது, அதில் இருந்த இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் சீரியல் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே வேறு. ஒன்று போனது, வாரண்டியில் மாற்று வரட்டும் என்று காத்திருந்தோம். பதினொன்றாம் நாள் காலை சர்வரைத் திறந்தால் இரண்டாவதும் இல்லை. கணினி தொடங்கும்போது காட்டும் பயாஸ் பட்டியலில் அதன் பெயர்கூட வரவில்லை. முந்தைய வெள்ளிக்கிழமை எடுத்துவைத்த பேக்கப் இருந்ததால் நான்கு நாள் வேலையோடு தப்பினோம்.

ஒரே மாதிரியான டிரைவ்கள் ஒரே சமயத்தில் போவது வெறும் தற்செயல் அன்று. ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் 2019 நவம்பரில் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகளில் குறிப்பிட்ட சில, ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை) புதுப்பிக்காவிட்டால், இயங்கத் தொடங்கி 32,768 மணிநேரம் ஆனதும் நின்றுவிடும், நின்றபின் டிரைவையும் மீட்க முடியாது, தரவையும் மீட்க முடியாது. அதாவது 3 ஆண்டுகள், 270 நாள்கள், 8 மணிநேரம். ஒன்றாகப் பொருத்தப்பட்ட டிரைவ்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் செயலிழக்கக்கூடும் என்பதையும் அந்த எச்சரிக்கை சேர்த்தே சொன்னது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணிநேரம் என்று இன்னோர் எச்சரிக்கை வந்தது. இப்படிப்பட்ட பிழை ஃபர்ம்வேரில் இருந்துவிட்டால், ரெய்டில் இரண்டு வைத்தாலும் நான்கு வைத்தாலும் எல்லாவற்றிலும் அது ஒரே மணியில் அடிக்கும். வேறு ஃபர்ம்வேர் ஓடும் டிரைவ் ஒன்று ஜோடியில் இருந்தால் அதுவாவது தாங்கி நிற்கும். உங்களுக்கு நான் வேறு பிராண்டையே பரிந்துரைப்பது இதனால்தான்.

ஆனால் பெட்டியின் மேல் பெயர் வேறாக இருந்தால் உள்ளேயும் வேறு என்று எண்ணிவிடக் கூடாது. எஸ்எஸ்டியின் மூளை அதன் கன்ட்ரோலர் சிப். சிலாங்கூரின் நெல்வயல் ஊரான செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங் தைவானில் தோற்றுவித்த ஃபிசன் நிறுவனத்தின் கன்ட்ரோலர்கள் கிங்ஸ்டன், கோர்செர், சீகேட் எனப் பல பிராண்டுகளின் எஸ்எஸ்டிகளுக்குள் இருக்கின்றன. (நம் நாட்டுப் பிள்ளை ஒருவரின் கைவண்ணம் உலகம் முழுக்கக் கணினிகளுக்குள் இருப்பது எனக்கு எப்போதும் பெருமை.) டபிள்யூடி புளூ 3டி, சான்டிஸ்க் அல்ட்ரா 3டி ஆகிய இரண்டும் பெயரளவில் வேறு, உள்ளே ஏறத்தாழ ஒரே வார்ப்பு. ஆகவே உங்கள் பழைய டிரைவின் கன்ட்ரோலர் எது என்று இணையத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடிப் பார்த்து, அதிலிருந்து மாறுபட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

பிராண்டு மாறலாம், தரம் மட்டும் மாறக் கூடாது. ரெய்டு 1-இல் இரண்டு டிரைவ்களும் எழுதி முடித்தால்தான் எழுதும் வேலை முடிந்ததாகக் கணக்கு. வேகமான டிரைவ் மெதுவான டிரைவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சாட்டா இணைப்பின் நடைமுறை உச்சம் வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி என்பதால், விளம்பரத் தாளில் எல்லா எஸ்எஸ்டிகளும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு தெரிவது தொடர்ந்து எழுதும்போதுதான். ஒரு செல்லில் 4 பிட் வைக்கும் கியூஎல்சி வகை டிரைவ்கள் முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக எழுதும். அது நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். சாம்சங் தன் 870 கியூவிஓ 1 டிபி மாடலுக்குத் தானே தரும் கணக்கு, அதிகபட்சம் 42 ஜிபிக்குப் பிறகு வினாடிக்கு 80 எம்பி என்பதாகும். வினாடிக்கு 400 எம்பி வேகத்தில் 40 நிமிடத்தில் முடிய வேண்டிய 1 டிபி மறுகட்டுமானம், இந்த வேகத்தில் மூன்றரை மணிநேரம் இழுக்கும். அவ்வளவு நேரமும் உங்கள் கோப்புகள் ஒற்றை டிரைவை நம்பித்தான் இருக்கும். எனவே ஒரு செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி வகையில், டிராம் என்னும் தற்காலிக நினைவகச் சிப் உள்ள மாடலாக, ஐந்தாண்டு வாரண்டியுடன் வாங்குங்கள். எத்தனை டிபி வரை எழுதலாம் என்று உற்பத்தியாளர் உறுதியளிக்கும் அளவையும் பாருங்கள்: ஒரே 1 டிபி கொள்ளளவில் சாம்சங் 870 இவோவுக்கு 600 டிபி, குரூஷியல் எம்எக்ஸ்500-க்கு 360 டிபி. இந்த அளவு ஜோடியில் வேறு வேறாக இருப்பது குறையாகாது. இரண்டும் ஒரே காலத்தில் தேய்ந்து முடியாமலிருக்க அதுவும் ஒரு துணைதான்.

கொள்ளளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1 டிபி என்று விற்கும் டிரைவில் வழக்கமாக 1,000,204,886,016 பைட்டுகள் இருக்கும். 960 ஜிபி என்று எழுதியிருப்பதில் 960,197,124,096 பைட்டுகள்தான்; அதை உங்கள் ரெய்டு ஏற்கவே ஏற்காது. 1024 ஜிபி டிரைவை ஏற்கும், ஆனால் மிஞ்சும் 24 ஜிபி சும்மா கிடக்கும். விற்பனையாளரிடம் பணம் கொடுக்குமுன் லேபிளில் உள்ள எண்ணைப் படித்துவிடுங்கள்.

இரண்டு பிராண்டுகளைச் சேர்ப்பதால் வரும் ஒரே தொல்லை, கண்காணிப்பில் இருக்கிறது. டிரைவின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், தேய்மானத்தை ஒரு பிராண்டு 100-இலிருந்து இறங்கும் எண்ணாகக் காட்டும், இன்னொரு பிராண்டு 0-இலிருந்து ஏறும் எண்ணாகக் காட்டும். 97 என்பது ஒன்றில் புத்தம் புதியது, மற்றொன்றில் சாகும் தறுவாய். புதிய டிரைவைப் பொருத்திய அன்றே அறிக்கையை எடுத்து, எந்த எண் எந்தத் திசையில் நகரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிராண்டு பெயரோடு வரும் சர்வர்களும் நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளும் தங்கள் பட்டியலில் இல்லாத டிரைவைக் கண்டால் எச்சரிக்கை காட்டுவதுண்டு. உங்களுடையது சாதாரண லினக்ஸ் சர்வர் என்பதால் அந்தக் கவலை இல்லை.

நம் ஊரில் பிற்பகல் இடிமழையோடு மின்சாரம் போவது வாடிக்கை. சாதாரண எஸ்எஸ்டிகளில் மின்தடையைச் சமாளிக்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், ஜோடியில் ஒன்று எழுதி முடித்தும் மற்றது முடிக்காமலும் நிற்கலாம். சர்வருக்கு யூபிஎஸ் இல்லையென்றால், இரண்டாவது எஸ்எஸ்டிக்கு ஒதுக்கிய பணத்தில் அதை வாங்குங்கள்.

பழைய டிரைவை உடனே தூக்கிப்போட வேண்டாம். புதியது சேர்ந்து மறுகட்டுமானம் முடிந்ததும், ஆறு மாதம் கழித்து, பழையது நன்றாகவே ஓடினாலும் அதையும் மாற்றிவிடுங்கள். அந்த இடத்துக்கு வருவது புதியதன் பிராண்டாகவும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு டிரைவும் பொருத்தப்பட்ட தேதியைச் சிறு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த நகலை வாரம் ஒருமுறை புதுப்பித்து, கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். தவறுதலாக அழித்த அழைப்பிதழ்க் கோப்பு ரெய்டின் இரண்டு டிரைவ்களிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும், அதை மீட்டுத் தருவது அந்த நகல் மட்டுமே.