கட்சி இல்லாத வாக்குச்சீட்டில் எதைப் பார்ப்பது? நுனாவுட் வாக்காளருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: பல ஆண்டுகள் ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் வாழ்ந்துவிட்டு, வேலை காரணமாக 2025-இன் தொடக்கத்தில் கனடாவின் வடகோடிப் பிராந்தியமான நுனாவுட்டின் தலைநகர் இக்காலுவிட்டுக்குக் குடிவந்தேன். கனடியக் குடியுரிமை இருந்தும் அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த பிராந்தியச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியவில்லை. குடியிருப்புக் காலம் போதாது என்றார்கள். அதைவிடப் பெரிய குழப்பம், சுவரொட்டிகளில் பெயரும் முகமும் இருந்தனவே தவிர எந்தக் கட்சியின் பெயரும் இல்லை என்பதுதான். முதல்வரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் அடுத்த முறை நான் எதைப் பார்த்து வாக்களிக்க வேண்டும்? என் ஒரு வாக்குக்கு என்ன பயன்? நானே போட்டியிடவும் இடமுண்டா?

பதில்: தகுதியைப் பற்றிய பகுதி எளிது. நுனாவுட் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க, கனடியக் குடியுரிமையும் 18 வயதும் போக, வாக்களிப்பு நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் அந்தப் பிராந்தியத்தில் வசித்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 27-ஆம் தேதிக்கு உங்களுக்கு அந்தக் கணக்கு நிறையவில்லை. இனி நடக்கும் இடைத்தேர்தலுக்கோ பொதுத்தேர்தலுக்கோ அந்தத் தடை இருக்காது. இது வந்தேறிகளை ஒதுக்க மட்டும் வைத்த விதி அன்று. 2008-இல், கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினராகவும் நுனாவுட்டின் முதல் அமைச்சரவையில் அமைச்சராகவும் இருந்த ஒருவரின் வேட்புமனுவே இந்த ஓராண்டு விதியால் தள்ளுபடியானது. கூட்டாட்சித் தேர்தலுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. அங்கே நுனாவுட் முழுவதற்கும் ஒரே உறுப்பினர், அவர் கட்சியின் பெயரிலேயே நிற்பார். பிராந்திய அமைச்சராகக் கட்சி அடையாளமின்றி இருந்த லியோனா அக்லுக்காக், 2008-இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குப் போய் அங்கும் அமைச்சரானார். ஆகவே இங்குள்ள அரசியல்வாதிகளுக்குக் கட்சி விருப்பமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்; பிராந்திய வாக்குச்சீட்டில் அதற்கு இடமில்லை, அவ்வளவே.

உங்கள் குழப்பத்தின் வேர் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஒன்ராறியோவில் நீங்கள் வாக்களித்தபோது ஒரே புள்ளடியால் மூன்று முடிவுகளைச் செய்தீர்கள்: தொகுதிக்கு யார் உறுப்பினர், மாகாணத்துக்கு யார் முதல்வர், எந்தத் தேர்தல் அறிக்கை நடைமுறைக்கு வர வேண்டும். நுனாவுட்டில் அந்த மூன்றில் முதலாவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் தேர்தல் முடிந்த பிறகு, வென்ற 22 பேரும் கூடி முடிவு செய்பவை. கட்சியைப் பார்த்து வாக்களித்துப் பழகிய ஒருவர், இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் வாக்களித்தால், வேட்பாளரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவார்.

நுனாவுட் 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி வடமேற்குப் பிராந்தியங்களிலிருந்து பிரிந்து உருவானது. கட்சியற்ற சட்டமன்ற முறையும் அங்கிருந்தே வந்தது. வடமேற்குப் பிராந்தியங்களில் அது இன்றும் தொடர்கிறது. இந்தக் கருத்தொருமிப்பு ஆட்சி, இங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபுக்கு நெருக்கமானது என்பது பரவலான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் சபாநாயகர், கேள்வி நேரம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று மீதி எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் எனப்படும் பிரித்தானிய நாடாளுமன்ற முறைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருபது லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டிய நிலப்பரப்பு, 2021 கணக்கெடுப்பின்படி 37,000-க்குச் சற்றுக் குறைந்த மக்கள், சாலையால் ஒன்றோடொன்று இணைக்கப்படாத 25 ஊர்கள் என்னும் நிலையில், ஊர்தோறும் கிளை வைத்து ஒரு கட்சியை நடத்துவதற்கு ஆகும் விமானக் கட்டணத்தை நினைத்தாலே கட்சிகள் ஏன் முளைக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

தேர்தலுக்குப் பிறகு நடப்பது இதுதான். தேர்வான உறுப்பினர்கள் அனைவரும் தலைமைத்துவ மன்றம் என்ற பெயரில் இக்காலுவிட்டில் கூடி, சபாநாயகரையும் முதல்வரையும் அமைச்சர்களையும் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல்வர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர்கள் எல்லாரும் அறிய உரையாற்றி, சக உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். இதை நீங்கள் ஒளிபரப்பில் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். யாரை அமைச்சராக்குவது என்பதை முதல்வர் தீர்மானிப்பதில்லை. மன்றம் தேர்ந்தெடுத்துத் தரும் அமைச்சர்களுக்குத் துறைகளைப் பங்கிடுவது மட்டுமே அவர் வேலை. ஓர் அமைச்சரிடமிருந்து துறையைப் பறிக்க அவரால் முடியும். அமைச்சரவையிலிருந்தே நீக்குவதற்குச் சட்டமன்றம் வாக்களிக்க வேண்டும்.

தேர்தல் முடிவுக்கும் முதல்வர் தேர்வுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில் எதிர்பாராதவை நடக்கும். 2008-இல், அப்போது 19 உறுப்பினரே கொண்டிருந்த அவைக்குப் பொதுத்தேர்தலில் தேர்வான ஒரே பெண் ஈவா ஆரியாக். அவரே, 1999 முதல் முதல்வராக இருந்த பால் ஒகாலிக்கைத் தலைமைத்துவ மன்றத்தில் தோற்கடித்து முதல்வரானார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு உறுப்பினர்கள் வேண்டும் என்ற திட்டத்தை 1997 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்திருந்த பின்னணியில் இதைப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். 2021-இலும் அப்படித்தான். முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்த பி.ஜே. அகீயாகொக், பதவியிலிருந்த முதல்வர் ஜோ சவிகாட்டாக்கையும் அமைச்சராக இருந்த லோர்ன் குசுகாக்கையும் தாண்டி முதல்வரானார். வாக்காளர் எவரும் அக்டோபர் மாதத்தில் இவற்றை வாக்குச்சீட்டில் பார்த்திருக்க முடியாது.

தேர்தல் அறிக்கையும் இங்கே தேர்தலுக்குப் பின்னரே வருகிறது. உறுப்பினர்கள் அனைவரும் கூடிப் பேசி, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான முன்னுரிமைகளை ஓர் ஆணைப்பத்திரமாக வெளியிடுவார்கள். 2021-இல் அமைந்த அவை 'கட்டுஜ்ஜிலுட்டா' என்ற பெயரில் வெளியிட்ட பத்திரம் முதியோர் பராமரிப்பு, வீட்டுவசதி, கல்வி, நலவாழ்வு, உள்ளூர்ப் பொருளாதாரம் என்ற ஐந்தை முன்னிறுத்தியது. 2030-க்குள் 3,000 வீடுகள் என்ற திட்டம் அந்த முன்னுரிமைகளை ஒட்டியே வந்தது. எனவே, 'நான் வந்தால் இந்த ஊருக்கு முதியோர் இல்லம் கட்டித் தருவேன்' என்று ஒரு வேட்பாளர் சொன்னால், 22 பேரில் ஒருவரான அவர் மற்ற 21 பேரை எப்படி இணங்கவைக்கப் போகிறார் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத வாக்குறுதியை வெறும் விருப்பமாக எடுத்துக்கொள்ளலாம்.

கட்சி இல்லாத இடத்தில் அரசியலும் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்சி செய்யும் வேலையை உறவுமுறையும், ஊர்ப்பற்றும், மூன்று வட்டாரங்களுக்கிடையேயான போட்டியும் பகிர்ந்துகொள்கின்றன. கிக்கிக்டாலுக், கிவல்லிக், கிடிக்மியோட் என்ற அந்த வட்டாரங்களில் தலைநகரைக் கொண்ட முதலாவதே மிகப் பெரியது. மற்ற இரண்டும் இக்காலுவிட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பது புதிதன்று. தொகுதிக்குள்ளும் இதே கணக்கு உண்டு. குட்டிக்டுக் தொகுதியில் ஆர்க்டிக் பே, ரெசொலூட் பே, கிரைஸ் ஃபியோர்ட் ஆகிய மூன்று ஊர்கள் அடங்கும். முதலாவதில் ஆயிரம் பேரளவில் வசிக்க, கிரைஸ் ஃபியோர்டில் இருப்பவர்கள் 150 பேருக்கும் குறைவு. வேட்பாளர் எந்த ஊர்க்காரர் என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். நான்கு தொகுதிகளைக் கொண்ட இக்காலுவிட்டில் இந்தப் பிடி சற்றுத் தளர்வு. பல ஊர்களிலிருந்தும் தென்கனடாவிலிருந்தும் வந்தவர்கள் கலந்து வாழும் இடம் என்பதால் உங்களைப் போன்றவர்களின் வாக்கும் அங்கே தேடப்படும்.

இனி, எதைப் பார்ப்பது? வேட்பாளர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் சட்டமன்றப் பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் பதியும் ஹன்சார்ட் பதிவைத் திறந்து பாருங்கள். அமைச்சராக இல்லாத உறுப்பினர்களே இங்கே எதிர்க்கட்சியின் வேலையைச் செய்கிறார்கள். முதல்வரையும் சேர்த்து அமைச்சரவையில் ஒன்பது பேரளவில் இருப்பதால், மற்ற உறுப்பினர்களே எப்போதும் பெரும்பான்மை. அவர் கேள்வி நேரத்தில் எதைக் கேட்டார், கிடைத்த பதிலை விட்டுவிட்டாரா, அடுத்த கூட்டத்தொடரில் மீண்டும் எழுப்பினாரா என்பது அவரைப் பற்றி எந்தச் சுவரொட்டியையும்விட அதிகம் சொல்லும். அந்தப் பெரும்பான்மைக்குப் பல் உண்டு என்பதற்கு 2018 ஜூன் சாட்சி: ஏழே மாதங்கள் முதல்வராக இருந்த பால் குவாசாவை, செலவினங்கள் குறித்த குற்றச்சாட்டு எழுந்த நிலையில், 16-க்கு 3 என்ற வாக்குகளில் அவை நீக்கியது. பொதுத்தேர்தல் நடக்கவில்லை, துணை முதல்வராக இருந்த சவிகாட்டாக்கை உறுப்பினர்களே முதல்வராக்கினார்கள். உங்கள் உறுப்பினர் அத்தகைய வாக்கெடுப்பில் எப்படி நின்றார் என்பது பதிவில் இருக்கும்.

புதிய வேட்பாளரிடம் நேரே மூன்றைக் கேட்கலாம். முதல்வராக எப்படிப்பட்டவரை ஆதரிப்பார், எந்தத் தகுதியை அதில் முதன்மையாகக் கருதுவார். அமைச்சர் பதவியை நாடுவாரா, வெளியே இருந்து கேள்வி கேட்க விரும்புவாரா. ஆணைப்பத்திரத்தில் தமது தொகுதியின் சார்பில் எந்த ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டாவது கேள்வியை அற்பமாக நினைக்க வேண்டாம். அமைச்சரானவர் அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்புக்குக் கட்டுப்பட்டவர். அதன் பிறகு உங்கள் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையை அவையில் எழுந்து கேட்க அவரால் இயலாது. முதல் கேள்விக்கு ஒரு குறை உண்டு. தலைமைத்துவ மன்றத்தின் வாக்கெடுப்பு இரகசியமானது என்பதால், சொன்னபடி வாக்களித்தாரா என்று நீங்கள் சரிபார்க்க வழியில்லை. இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுவே என்பது என் கருத்து. கட்சி இல்லாமையைவிட இது வாக்காளரை அதிகம் கைகட்ட வைக்கிறது. இருந்தாலும் வானொலியில் ஊரறியச் சொன்ன சொல்லை மீறுவது சிற்றூர்களில் எளிதன்று. உள்ளூர் வானொலியின் தொலைபேசி உரையாடல்களும் சமூக ஊடகக் குழுக்களும் இங்கே பிரசார மேடைகள்; அவற்றில் இந்தக் கேள்விகளை எழுப்புங்கள்.

உங்கள் ஒரு வாக்கின் மதிப்பைப் பற்றிய ஐயத்துக்கு ரான்கின் இன்லெட் தெற்குத் தொகுதி பதில் சொல்லும். 2013 பொதுத்தேர்தலில் அங்கே இரு வேட்பாளர்களும் நீதிபதியின் மறு எண்ணிக்கைக்குப் பிறகும் தலா 172 வாக்குகளில் நின்றார்கள். சீட்டுக் குலுக்கவில்லை, 2014 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல் நடத்தித்தான் முடிவு காணப்பட்டது. சில நூறு வாக்குகளே பதிவாகும் தொகுதிகளில் ஒரு குடும்பம் வாக்களிக்காமல் இருந்துவிட்டால் முடிவு மாறிவிடும்.

ஆகவே வாக்களிப்பு நாளில் ஊரில் இல்லாமல் போவதற்கு முன்னேற்பாடு செய்துகொள்ளுங்கள். பொதுத்தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபர் மாதக் கடைசித் திங்களன்று வரும். பனிப்புயலால் விமானம் நிற்பதும், மருத்துவத்துக்காக ஒட்டாவாவுக்குப் போக நேர்வதும் அந்தப் பருவத்தில் வழக்கம். முற்கூட்டிய வாக்களிப்பும் அஞ்சல்வழி வாக்கும் இதற்காகவே உள்ளன. அஞ்சல் எட்டாத வேட்டை முகாமிலோ சுரங்கத்திலோ இருப்பவர், வேறு வழியே இல்லாதபோது, செயற்கைக்கோள் தொலைபேசி அல்லது வானொலித் தொடர்பு மூலம் வாக்களிக்கவும் சட்டம் இடம் தருகிறது. வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் படம் அச்சிடப்பட்டிருக்கும். அடையாள ஆவணத்தை எடுத்துச் செல்லுங்கள்.

நீங்களே போட்டியிடலாமா என்றால், வாக்காளருக்குரிய தகுதி உடையவராக இருப்பதே அடிப்படை. அந்த ஓராண்டு விதி வேட்பாளருக்கும் பொருந்தும். கட்டுப்பணம் 200 டாலர். பிரசாரச் செலவு 30,000 டாலரைத் தாண்டக்கூடாது. ஒருவரிடமிருந்து பெறும் நன்கொடைக்கு 2,500 டாலர் வரம்பு. பிரசாரக் காலம் 35 நாள்கள். அதன் முதல் சில நாள்களிலேயே வேட்புமனு முடிந்துவிடும் என்பதால், தேர்தல் அறிவித்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும். அரசுப் பணியில் இருப்பவராக இருந்தால் விடுப்பு விதிகளைப் பணியிடத்தில் எழுத்து மூலம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் எவரும் தமக்கென ஒரு நிதி முகவரை நியமிக்க வேண்டும். வரவும் செலவும் அவர் கை வழியாகவே நடந்து, தேர்தலுக்குப் பின் கணக்கறிக்கையாகத் தாக்கலாக வேண்டும். தோற்றவர்களுக்கும் இந்தக் கடமை உண்டு என்பதால், கணக்கெழுதத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவரை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு சுவரொட்டி அச்சிடப் போங்கள்.