ஊறிய விதையெல்லாம் முளைக்குமா? – கேள்வி பதில்

கேள்வி: பழைய உளுந்து ஊறி நன்றாக உப்பியது. ஒன்றுகூட முளைக்கவில்லை, ஏன்?

பதில்: உப்புவதற்கு உயிர் தேவையில்லை. காய்ந்த விதையில் ஈரம் 10–12 சதவீதம்தான். உள்ளிருக்கும் புரதமும் மாவுச்சத்தும் தண்ணீரைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். செத்த விதைக்கும் இது நடக்கும். உயிருள்ள விதையில் முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு எடை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாத அந்த இடைவேளையில்தான் சுவாசம் சூடுபிடிக்கிறது, சேமிப்பைக் கரைக்கும் நொதிகள் உருவாகின்றன. முளைவேர் தோலைக் கிழித்த பின் தண்ணீர் மறுபடி ஏறும். செத்த விதை முதல் கட்டத்தைத் தாண்டாது.

100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் எண்ணுங்கள். 75-க்குக் கீழே இருந்தால் விதைப்புக்கு வேண்டாம். மருந்து கலக்காத உளுந்தென்றால் இட்லிக்கு ஆட்டிவிடலாம்.

கேள்வி: விதைநெல்லை எத்தனை மணி நேரம் ஊறப்போடுவது?

பதில்: 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் மூட்டம் (ஊறியதைச் சாக்கில் கட்டி முளைக்க வைப்பது). அதற்கு முன், 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ உப்புக் கரைத்து (புது முட்டை மிதக்கும் பதம்) நெல்லைக் கொட்டிப் பதரை அள்ளி எறியுங்கள். அடியில் தங்கியதை இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் விதை சரியாகத் தண்ணீர் இழுக்காது. ஊறும் தண்ணீரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பலரும் கெடுப்பது மூட்டத்தில்தான். சாக்கை முட்ட நிரப்பி இறுக்கிக் கட்டினால் காற்று போகாது. விதை சுவாசிக்கும் சூடு உள்ளேயே தங்கி நடுவில் இருப்பது வெந்துபோகும், புளித்த வாடை வரும். முக்கால் சாக்கு போதும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடு தாங்கவில்லையென்றால் கிளறித் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளை முனை 1–2 மில்லிமீட்டர் எட்டியதும் விதைத்துவிட வேண்டும். மேலும் விட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது ஒடியும்.

கேள்வி: நாற்றங்காலில் குருத்து நீள்கிறது, வேரைக் காணோம்.

பதில்: தண்ணீர் தேங்கியிருக்கிறது. காற்றில்லாத தண்ணீரிலும் நெல் முளைக்கும். ஆனால் குருத்தை மட்டும் மேலே நீட்டும், வேர் விடாது. உடனே வடியுங்கள்.

கேள்வி: நிலக்கடலையையும் இரவு முழுக்க ஊறவைத்து நடலாமா?

பதில்: வேண்டாம். அதன் தோல் மெல்லியது. காய்ந்த பருப்புக்குள் தண்ணீர் குபீரென்று பாய்ந்தால் செல்களின் சவ்வு சீராவதற்குள் சர்க்கரை வெளியே கசியும். அதைத் தேடிப் பூஞ்சை வரும், பருப்பு அழுகும். மண்ணின் ஈரத்திலேயே மெதுவாக இழுக்கட்டும். தோல் உரிந்த பருப்பைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: பயறு விதைத்தபின் ஒரு மழை, அப்புறம் வெயில். மறுபடி விதைக்க வேண்டுமா?

பதில்: பத்து இடத்தில் தோண்டிப் பாருங்கள். உப்பி, முளைவேர் வெளிவராத விதை காய்ந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். அடுத்த மழைக்கு முளைக்கும். வேர் நீட்டிய பிறகு காய்ந்து பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் அது போனதுதான். பாதிக்குமேல் அப்படியென்றால் காத்திருக்காதீர்கள், மறுவிதைப்புக்கு விதை வாங்குங்கள்.