திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்
சேலத்திலிருந்து ஒருநாள் நடைகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு வயது 62. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனை அழைத்துக்கொண்டு வயல்வெளியில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வர ஆசை. வீட்டில் கார் இல்லை, பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றுகிறது. ரயிலில் போய்த் திரும்பும்படி ஓர் இடம் சொல்லுங்கள் ஐயா.
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அம்மாப்பேட்டைக்காரரான நீங்கள் ஜங்ஷன் வரை அலைய வேண்டியதில்லை. டவுன் ஸ்டேஷனிலேயே விருத்தாசலம் மார்க்கத்துப் பாசஞ்சர் வண்டியில் ஏறி, அயோத்தியாப்பட்டினத்தில் இறங்கிவிடலாம். ரயிலில் உட்கார்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. ஆனாலும் பேரனுக்கு அது ரயில் பயணம்தானே.

இறங்கியதும் முதலில் கோதண்டராமர் கோயிலைப் பாருங்கள். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே பட்டாபிஷேகக் கோலத்தைக் காட்டியதாகத் தலபுராணம் சொல்கிறது. ஊரின் பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். நாயக்கர் காலத்துத் தூண்களில் குதிரையும் யாளியும் எங்கெங்கே இருக்கின்றன என்று பேரனைத் தேடச் சொன்னால் அரை மணி நேரம் போவது தெரியாது. பிறகு வடக்கே குப்பனூர் செல்லும் திசையில் நடக்கலாம். இதுவே ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாவது சாலை என்பதால் விடுமுறை நாளில் வண்டிகள் வந்தபடியே இருக்கும். ஆகவே சாலையோரமாக நடக்காமல், பக்கத்தில் பிரியும் ஊர்ப் பாதைகளில் இறங்கி, சேர்வராயன் மலையை எதிரே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக் காடும் தென்னந்தோப்பும் பாக்கு மரங்களும் மாறி மாறி வரும். வரப்பில் நிற்பவர் எவராயினும் ‘எங்கீங்க போறீங்க?’ என்று கேட்காமல் விடமாட்டார். சும்மா நடக்க வந்தோம் என்ற பதிலை அவர் நம்பமாட்டார் என்பதால், கோயிலுக்கு வந்தோம் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் பொய்யும் இல்லை.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் காலையில் போகும் வண்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இந்த மார்க்கத்தில் நாளொன்றுக்குச் சில பாசஞ்சர்களே ஓடுவதால், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால்தான் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது தெரியவரும். கையில் இருக்கும் நேரத்தில் பாதி முடிந்ததும், எதிரே எவ்வளவு அழகான ஏரி தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். ஒருமுறை, ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிறதே என்ற தைரியத்தில் எதிர்க்கடையில் இரண்டாவது டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே மாலை வண்டி வந்து நின்று, கிளம்பியும் போய்விட்டது. அடுத்த வண்டி மறுநாள்தான். அன்று டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். தலை சுற்றும் உங்களுக்கு அந்த அனுபவம் வேண்டாம். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை இந்த நடைக்கு ஏற்ற காலம். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது என்பது தெரியும். மலைக்கு அருகிலுள்ள ஏதாவதொரு ஸ்டேஷனில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மேலே ஏற முடியுமா? நண்பர்கள் ஐந்து பேர் தயாராக இருக்கிறோம்.
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: கால்களால் முடியலாம், ஆனால் செய்யக் கூடாது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து கணக்கிட்டாலும் செங்குத்தாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சரிவெங்கும் காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே கால் வைப்பது குற்றமாகும். காட்டெருமைகள் நடமாடும் மலை அது; தூரத்திலிருந்து பார்த்தால் சாதுவான மாடுபோல் நிற்கும் அந்த விலங்கு, திரும்பிப் பாய்ந்தால் ஐந்து பேர் சேர்ந்திருந்தும் பயனில்லை. கோடை நெருங்கும்போது தீ அபாயமும் சேர்ந்துகொள்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மலையேற்றம்தான் வேண்டுமென்றால், வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு செல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் நடந்து ஏறுகிறோம் என்று சிலர் கிளம்புகிறார்கள். வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் ஒதுங்கி நிற்பதை நடை என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மலையை ஏறிப் பார்ப்பதைவிட விலகி நின்று பார்ப்பது குறைவானதன்று என்பது என் கட்சி. ஜோலார்பேட்டை மார்க்கத்துப் பாசஞ்சரில் வலப்புற ஜன்னலோரம் உட்காருங்கள். ஜங்ஷனை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் மக்னசைட் வெட்டியெடுத்த வெள்ளை மண் மேடுகள் வரும். அவற்றைத் தாண்டி, கருப்பூர், தின்னப்பட்டி என்று வண்டி வடக்கே செல்லச் செல்ல, சேர்வராயன் மலை தன் மேற்கு முகத்தைக் காட்டிக்கொண்டே கூட வரும். லோகூரில் இறங்கி, காட்டுக்குள் நுழையாமல், டேனிஷ்பேட்டைப் பக்கத்து ஊர்ச் சாலைகளிலும் ஏரிக்கரையிலும் நடந்துவிட்டு வரலாம். காலையில் அந்த முகம் நிழலில் கிடக்கும், ஒரே கருநீலச் சுவராகத் தெரியும். பிற்பகலில் வெயில் நேரே விழுந்ததும் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, பாறை எது, ஓடை இறங்கும் தடம் எது என்று எண்ணும் அளவுக்குத் துலங்கும். ஆகவே இந்த நடைக்கு மட்டும் மதியத்துக்குப் பிந்திய நேரமே ஏற்றது. இந்த மலையில் பிறக்கும் சரபங்கா ஆறு டேனிஷ்பேட்டையைத் தொட்டு, ஓமலூர், எடப்பாடி வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. பெரும்பாலான மாதங்களில் அதை ஆறு என்று யாராவது சுட்டிக்காட்டினால்தான் தெரியும்.

கேள்வி: ஒரே நாளில் கோட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏறி இறங்கவும் வேண்டும். ரயிலில் போகும்படி எது இருக்கிறது?
– தம்பதியர், அஸ்தம்பட்டி

பதில்: சங்ககிரிதான். ஈரோடு மார்க்கத்தில் வண்டிகளுக்குக் குறைவில்லை என்பதால் திரும்பும் கவலையும் குறைவு. ஆனால் எல்லா எக்ஸ்பிரஸ்களும் அங்கே நிற்பதில்லை. ரயில்வே இன்னமும் ‘சங்கரி துர்க்’ என்ற பழைய பெயரையே வைத்திருக்கிறது. வழியில் மகுடஞ்சாவடிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு: மெக்டொனால்ட்ஸ் சௌல்ட்ரி. மெக்டொனால்டு மகுடன் ஆகி, சத்திரம் சாவடி ஆனதாகச் சொல்வார்கள். போகும்போது வலப்பக்கம் கஞ்சமலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புத்தாது நிறைந்த அந்த மலையின் அடிவாரத்தில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசை நாளில் அங்கே நடக்க இடம் கிடைக்காது.

சங்ககிரி ஸ்டேஷனிலிருந்து ஊர் சற்றுத் தள்ளியிருப்பதால் அடிவாரம் வரை ஆட்டோவில் போய்விடுங்கள். லாரிகள் நிறைந்த அந்தச் சாலையில் நடந்து காலை வீணாக்க வேண்டியதில்லை. மலையில் வாயில் மாற்றி வாயிலாக ஏற வேண்டும். ஒவ்வொரு வாயிலும் நேரே திறக்காமல் பக்கவாட்டில் திரும்பி நுழையும்படி அமைந்திருப்பதைக் கவனியுங்கள். ஓடிவரும் பகைவனின் வேகத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மூச்சு வாங்கிக்கொண்டு வரும் நமக்கு நிற்க நிழல் தருகிறது. திப்புவின் காலத்தில் மைசூர்ப் படை இருந்த கோட்டை, பின்னர் கும்பினியார் கைக்குப் போனது. தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிட்டது இங்கேதான். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அவருடைய நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அமைதியாக ஏற விரும்புகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடலாம். மேலே சென்னகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது, மலையில் முஸ்லிம் வழிபாட்டிடமும் உண்டு. கடை எதுவும் இருக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சத்தம் கேட்டாலே வந்துவிடும் என்பதால் தின்பண்டத்தைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள். காலை பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பாறை தோசைக்கல்தான்.

கேள்வி: இரு ஸ்டேஷன்களுக்கு இடையே தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் வழி தவறாது அல்லவா? திரும்பும் டிக்கெட்டையும் காலையிலேயே எடுத்துவிடலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: வழி தவறாது, ஆனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி அது அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஓசையின்றி வரும் மின்சார இஞ்சின் அதைவிடக் கடுமையான தண்டனையைத் தரும். இரண்டாவது கேள்விக்கும் இல்லை என்பதே பதில். 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதால், திரும்பும்போதுதான் எடுக்க வேண்டும். பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள்.

கேள்வி: மேட்டூருக்கு ரயிலில் போய் அணையின் மேல் நடக்கலாமா?
– வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: அணையின் மேல் பொதுமக்கள் இஷ்டம்போல் நடக்க முடியாது. கீழே பூங்கா இருக்கிறது, அங்கே நடக்கலாம். 1934இல் திறக்கப்பட்ட அணையின் உயரம் 214 அடி. செய்தியில் சொல்லும் 120 அடி நீர்மட்டத்தின் கணக்கு. தண்ணீர் திறந்திருக்கும் நாளில் போகாவிட்டால் ஏமாற்றமே. மேட்டூர் டேம் ஸ்டேஷனுக்குப் பயணிகள் வண்டி உண்டா என்று கிளம்பும் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆத்தூர்ப் பக்கம் ரயிலில் போனபோது ஜன்னல் வழியாக ஒரு புளித்த வாடை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அது என்ன?
– பள்ளி மாணவி, குகை

பதில்: ஜவ்வரிசி, அம்மா. குச்சிக்கிழங்கைக் கழுவித் தோல் சீவி அரைத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய விடுவார்கள். அடியில் படியும் மாவை எடுத்து, குலுக்கிக் குலுக்கி முத்தாக உருட்டி, சூட்டில் வாட்டிக் களத்தில் காயவைப்பார்கள். தெளிந்து வெளியேறும் தண்ணீர் புளிக்கும்போது வருவதே அந்த வாடை. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்த முறை பெரியவர்கள் யாரையாவது அழைத்துக்கொண்டு வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, சேகோ ஆலைக் களம் ஒன்றை வேலிக்கு வெளியே நின்று பார். நல்ல வெயிலில் கண் கூசும் அளவுக்கு வெள்ளையாக விரிந்திருக்கும். நீளக் கம்பில் பலகை பொருத்திய தள்ளுகோலால் ஒருவர் அதைக் கிளறிக்கொண்டே நடப்பார்; அவர் போன வழியெல்லாம் உழுத வயல்போல் கோடு கோடாக விழும். அப்போது வாடை உனக்குத் தெரிகிறதா என்று எனக்கு எழுது.